சுங்கான் வாங்குமுன் தண்டைப் படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழம்பொருள் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் பைப் பற்றியவை. நம் தாத்தாக்கள் சுங்கான் என்று சொன்ன அதே பொருள். பதில்களில் அடிக்கடி வரும் சொற்களை முதலில் சொல்லிவிடுகிறோம். புகையிலை அடைக்கும் இடம் கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு. பல்லில் கடிக்கும் பகுதி வாய்க்குழல். வாய்க்குழலின் கோடியில் தண்டுக்குள் நுழையும் மெல்லிய உருளை முளை. சேகரிப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். புகைப்பதைப் பற்றி அல்ல.

சைனாடவுன் கடை ஒன்றில் வெள்ளைப் புள்ளி பதித்த பைப்பை ‘டன்ஹில், 1920-களில் செய்தது’ என்று சொல்லி 180 வெள்ளி கேட்கிறார்கள். தண்டில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், அங் மோ கியோ

புள்ளியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்து, 1910-இல் சொந்தமாக பைப் செய்யத் தொடங்கினார். வெள்ளைப் புள்ளி 1912-இல் வந்தது. வாய்க்குழலின் மேற்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று தெரியாமல் மாற்றிச் செருகுவதைத் தடுக்க வைத்த அடையாளம் அது. ஆகவே அசல் புள்ளி மேற்பக்கத்தின் நடுவில், மட்டமாக இருக்கும். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தாலோ விரலில் மேடாகத் தட்டுப்பட்டாலோ சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, வாய்க்குழல் தனியே கழன்று வரும். கிண்ணம் எரிந்துபோன டன்ஹிலின் வாய்க்குழலை யாரும் வேறு மரத்தில் செருகிவிடலாம். அதனால் முதலில் இணைப்பைப் பாருங்கள். தண்டும் வாய்க்குழலும் சேரும் கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்தால் தட்டுப்படக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. இரண்டும் ஒரே கட்டையில் கடைந்தெடுத்ததுபோல் ஓட வேண்டும்.

அடுத்தது தண்டு. கைப்பேசியின் விளக்கை நேராக அடிக்காமல், தண்டின் மேல் படுத்த கோணத்தில் பிடித்து, பைப்பை மெதுவாக உருட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத எழுத்தின் நிழல் அப்போது எழும். 10 மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மெருகின் பெயர் ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். வழவழப்பான செம்பழுப்பு ‘ப்ரூயர்’ 1910-இலிருந்து வருவது. மணல் வீசி அரித்த கரடுமுரடான ‘ஷெல்’ 1917-இல் வந்தது. ‘ரூட் பிரையர்’ 1931, ‘டான்ஷெல்’ 1952, ‘கம்பர்லண்ட்’ 1979. தண்டில் ‘டான்ஷெல்’ என்று இருந்தால் 1920-கள் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

‘மேட் இன் இங்கிலாந்து’ என்பதன் கடைசியில் சிறிய எண் ஒன்று, பெரும்பாலும் அடிக்கோட்டுடன், சற்று உயர்ந்து நிற்கும். 1921-இலிருந்து ஆண்டைக் குறிக்கும் எண் இதுதான். ஆனால் அது சுற்றிச் சுற்றி வரும். 2 என்றால் 1922, 1942, 1952, 1962 ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பிரித்தறியத் துணைச் சான்றுகள் வேண்டும். வட்டத்துக்குள் ஓர் எண் இருந்தால் அது கிண்ணத்தின் அளவு. அந்த வழக்கம் 1950-களின் முற்பகுதியில் வந்தது. 417574/34 என்ற காப்புரிமை எண் இருந்தால் 1934-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. 1950-களின் நடுப்பகுதியோடு அந்த எண்ணைப் பதிப்பதும் நின்றது. வட்ட எண், காப்புரிமை எண், 2 ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் 1952 என்று சொல்லலாம். ஒற்றைச் சான்றை வைத்து ஆண்டு சொல்பவரை நம்பாதீர்கள், அவர் கடைக்காரரானாலும் சேகரிப்பாளரானாலும்.

உங்கள் பைப்பில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது என்றால், யாரோ மெருகுச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். மரம் பளபளக்கும், சான்று போய்விட்டது. படிக்க முடியாத டன்ஹிலுக்கு 180 வெள்ளி அதிகம் என்பது எங்கள் எண்ணம். படுத்த வெளிச்சத்தில் மெருகின் பெயரும் ஆண்டெண்ணும் தெரிந்தால் பேசிப் பாருங்கள். தெரியாவிட்டால் நல்ல மரமுள்ள பெயரற்ற பைப்பாக மதித்து விலை சொல்லுங்கள்.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் அப்பா வேலை பார்த்தபோது ஓர் அதிகாரி விட்டுச்சென்ற பைப் எங்களிடம் இருக்கிறது. வாய்க்குழல் பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது. தேய்த்தால் நாற்றம் அடிக்கிறது. பூசணமா?
– வாசகி, ஈசூன்

பூசணம் இல்லை, கந்தகம். பிரிட்டிஷ் படைகள் 1971 இறுதியில் வெளியேறுவதற்கு முன் புழங்கிய ஆங்கிலேய பைப்களில் பெரும்பாலும் வல்கனைட் வாய்க்குழல்தான். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள் அது. வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறும். சன்னலோரத்தில் வைத்தால் நம் ஊரில் சீக்கிரமே பச்சையாகும். ஒரு விதத்தில் இது நல்ல அடையாளம்: கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் கந்தக நெடி வருவது வல்கனைட், எத்தனை ஆண்டானாலும் பளபளவென்றே இருப்பது அக்ரிலிக்.

சுத்தம் செய்யும் முறை: வாய்க்குழலைக் கழற்றுங்கள். சின்னம் ஏதும் பதிந்திருந்தால் அதன் மேல் வாசலின் தடவி மூடுங்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் வகைத் துணி வெளுப்புத் தூள் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, 4 முதல் 8 மணி நேரம் ஊறவிடுங்கள். எடுக்கும்போது முன்பைவிட அசிங்கமாக, மங்கிய பழுப்பாக இருக்கும். பதற வேண்டாம், படலம் தளர்ந்துவிட்டது என்று பொருள். வெள்ளை மெலமைன் பஞ்சால் ஓடும் நீரில் தேயுங்கள். மீதிக்கு நீர் உப்புத்தாள்: 600-இல் தொடங்கி 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளையும் முந்தின தாளின் கீறல் மறையும்வரை தேய்க்க வேண்டும். ஒன்றைத் தாண்டிக் குதித்தால் கடைசியில் கீறல் பல்லைக் காட்டும். தண்டோடு சேரும் விளிம்பைத் தேய்க்கவே கூடாது. அது உருண்டுவிட்டால் நாம் முன்பு சொன்ன நகச் சோதனையில் தோற்றுப்போகும்.

கொதிநீர் ஊற்றாதீர்கள். வல்கனைட் சூட்டில் இளகும். வளைத்துச் செய்த வாய்க்குழல் தன் பழைய நேர் வடிவத்துக்குத் திரும்பிவிடும். குளோரின் வெளுப்பானும் வேண்டாம், மேற்பரப்பைக் குழி குழியாக அரிக்கும்.

வாய்க்குழல் கழல மறுத்தால் முறுக்கிச் சண்டை போடாதீர்கள். உடைவது தண்டாகத்தான் இருக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் 20 நிமிடம் வையுங்கள். குளிரில் மரத்தைவிட வல்கனைட் கூடுதலாகச் சுருங்கும். எடுத்தவுடன் மெல்லத் திருப்பினால் வந்துவிடும்.

பைப்பின் கழுத்தில் வெள்ளி வளையம், அதில் மூன்று சிறிய முத்திரைகள். ‘அயர்லாந்து வெள்ளி’ என்கிறார் விற்பவர். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

லென்ஸில் என்ன உருவம் தெரிகிறது என்பதே விடை. டப்ளினில் சோதித்த வெள்ளியில் அமர்ந்த பெண் உருவமும், முடிசூட்டிய யாழும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். ஆனால் டப்ளின் பீட்டர்சன் நிறுவனம் தன் நிக்கல் வளையங்களிலும் மூன்று உருவங்களைப் பதித்தது: மூவிலைச் செடி, வேட்டை நாய், வட்டக் கோபுரம். பார்வைக்கு வெள்ளி முத்திரை போலவே இருக்கும். அவை அலங்காரமே, வெள்ளிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கோபுரம் தெரிந்தால் வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் 92.5 விழுக்காட்டுத் தூய்மையைச் சொல்லும். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். மூன்று கோதுமைக் கட்டும் வாளும் செஸ்டர். அந்தச் சோதனைச் சாலை 1962-இல் மூடப்பட்டது. ‘ஈபிஎன்எஸ்’ என்ற எழுத்துகள் வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை.

பீட்டர்சனுக்கு மரத்திலுள்ள நாட்டுப் பெயரும் உதவும். ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்று இருந்தால் 1922-க்கு முன் இல்லை. ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்று இருந்தால் 1949-க்கு முன் இல்லை. வாய்க்குழலின் நுனித் துளை அண்ணத்தை நோக்கி மேலே திறந்திருந்தால் அது பி-லிப், 1898-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. பின்பும் தொடர்ந்து செய்யப்பட்டதால் துளையை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. தண்டு விரிசல் விட்டபின் அதை இறுக்கப் போட்ட வளையங்களும் உண்டு. தண்டின் எழுத்து வளையத்துக்கு அடியில் பாதி மறைந்திருந்தால் அது பின்னால் போட்டது. வாய்க்குழலைக் கழற்றி, தண்டின் வாயில் முடி போன்ற கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட வளையத்தின் ஆண்டு பைப்பின் ஆண்டு ஆகாது.

முன்பு சுங்கை ரோட்டில் பைப் கிடைக்கும் என்பார்கள். இப்போது எங்கே தேடுவது?
– வாசகர், தோ பாயோ

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சைனாடவுன் பழம்பொருள் கடைகள், அவுட்ரம் ரோட்டில் டான் பூன் லியாட் கட்டடம், இரட்சணிய சேனையின் பழைய பொருள் கடைகள், கேரோசல் இணையத்தளம் ஆகியவற்றில் தேடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் அலங்காரமாக வைத்திருப்பதைவிட, பேனா, கைக்கடிகாரம், லைட்டர் கலந்து கிடக்கும் தட்டில் நல்லது அகப்பட வாய்ப்பு அதிகம். கடைக்காரர் இன்னும் அதைப் படித்திருக்க மாட்டார். பைப்போடு பழைய புகையிலை டப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால், உள்ளே புகையிலை இருக்குமானால் சுங்கத்துறையிடம் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் புகையிலைக்கு வரிவிலக்கு அளவு எதுவும் கிடையாது.

கேரோசலில் வாங்கும்போது என்னென்ன படம் கேட்க வேண்டும்?
– வாசகி, பொங்கோல்

ஆறு படம் கேளுங்கள். தண்டின் இரு பக்கமும் படுத்த வெளிச்சத்தில். கிண்ணத்தின் விளிம்பு நேர் மேலிருந்து. விளக்கடித்துக் கிண்ணத்தின் உட்புறம். கடிக்கும் நுனியின் மேற்புறமும் கீழ்ப்புறமும். பக்கவாட்டில் எடுத்த அழகான முழுப் படத்தால் நமக்குப் பயன் குறைவு, ஒன்றைத் தவிர: உயரம். ‘பில்லியர்ட்’ என்ற நேரான, மிகப் பொதுவான வடிவத்தில் கிண்ணத்தின் உயரமும் தண்டின் நீளமும் ஏறக்குறைய சமம். கிண்ணம் குட்டையாகத் தெரிந்தால், கருகிய விளிம்பை மறைக்க யாரோ மேலே சீவியிருக்கிறார்கள்.

உட்புறத்தில் கரிப்படிவு ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. அதைவிடத் தடித்த கரி சூட்டில் மரத்தைவிட வேகமாக விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும். வெளிச்சுவரில் ஓரிடம் மட்டும் கறுத்து, உள்ளே அதே இடத்தில் குழி இருந்தால் சுவர் எரிந்து ஓட்டையாகிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். நுனியில் பல் தடம் இருப்பது சரி செய்யக்கூடியது. ஓட்டை விழுந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மரம் பிரையர்தானா என்று ரேகை சொல்லும். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்முடிச்சு அது. பிரான்ஸின் செயின்ட்-க்ளோட் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அதில் பைப் கடைகிறார்கள். ஒரு பக்கம் நேர்க்கோடாக ஓடும் ரேகை, அதற்குச் செங்குத்தான பக்கத்தில் பறவைக் கண் போன்ற புள்ளிகளாகத் தெரிய வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், அல்லது தடித்த வார்னிஷ் ரேகையையே மறைத்தால், வேறு மரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்மை நிறத்தில், தலை செதுக்கிய பைப், மஞ்சள் வாய்க்குழல், வெல்வெட் வைத்த தோல் பெட்டி. ‘தந்தமும் அம்பரும்’ என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பிடோக்

தந்தம் என்று அவர்களே சொன்னால் அங்கேயே நில்லுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் யானைத் தந்தப் பொருள்களை விற்பதும் விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும் சட்டவிரோதம். பழமையானது என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் நீங்கள் விவரிக்கும் பொருள் பெரும்பாலும் மீர்ஷாம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் மென்மையான வெண்கனிமம் அது. பெட்டிக்குள் வைத்த செதுக்கு பைப்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் வியன்னா பேர்பெற்றிருந்தது. கையில் எடுத்தவுடன் தெரியும்: தந்தம் கனக்கும், மீர்ஷாம் ‘இவ்வளவுதானா’ என்று நினைக்கும் அளவு லேசு. தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வலைக்கோடுகள் தெரியும். எலும்பில் கறுப்புத் துளைகள் புள்ளி புள்ளியாக இருக்கும். மீர்ஷாமில் இரண்டும் இல்லை. புகைத்த மீர்ஷாம் தண்டிலிருந்து மேலாகத் தேன் நிறமேறும். எங்கும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் சாயமோ என்று யோசியுங்கள்.

அம்பர் என்பது கல்லாய் இறுகிய மரப்பிசின். அதற்கு உப்புநீர்ச் சோதனை உண்டு. ஒரு குவளை, அதாவது 250 மில்லி நீரில் 7, 8 தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் அம்பர் மிதக்கும், பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக் மூழ்கும். உலோகமோ எலும்புத் திருகோ ஒட்டியிருந்தால் சோதனை பொய்க்கும். கடைக்காரரைக் கேட்காமல் செய்யவும் கூடாது. பழைய மீர்ஷாமில் வாய்க்குழல் எலும்புத் திருகில் நிற்கும். செருகும் முளையா திருகா என்று பார்க்காமல் இழுத்தால் மரை தெறித்துவிடும். மீர்ஷாமைச் சாராயத்தால் துடைக்காதீர்கள், உறைபெட்டியிலும் வைக்காதீர்கள்.

சீனர்கள் பயன்படுத்திய நீண்ட மூங்கில் பைப்பும் உலோகத்தாலான நீர் பைப்பும் ஒரே கடையில் பார்த்தேன். இரண்டும் புகையிலைக்கானவையா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

இல்லை. உலோக நீர் பைப் புகையிலைக்கானது. நீர்த்தொட்டி, வளைந்த நீண்ட குழல், கழற்றக்கூடிய சிறு கிண்ணம் ஆகியவை பாக்டாங் என்ற செம்பு-நிக்கல் கலவையில் இருக்கும். பயன்படுத்தியதென்றால் கிண்ணத்தின் வாயில் தேய்மானமும் தொட்டிக்குள் கறையும் இருக்கும். உள்ளே பளபளவென்றிருந்தால் அண்மையில் செய்த நகல்.

மூங்கில் குழலின் ஒரு கோடிக்கு அருகே உலோகச் சேணம் இருந்து, அதில் கதவுக் குமிழ் போன்ற மண் தலை பொருந்தி, அதன் நடுவில் ஊசித்துளை மட்டும் இருந்தால் அது அபின் பைப். காலனி அரசே நடத்திய அபின் வணிகம் 1946 தடையோடு முடிவுக்கு வந்தது. இன்று போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, போதைப்பொருள் புகைப்பதற்கான பைப்பை வைத்திருப்பது குற்றமாகலாம். தலைக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புக் கசடும் அபினின் எச்சம். நாங்கள் வாங்கச் சொல்ல மாட்டோம். ஆசை விடாவிட்டால் காசு கொடுக்குமுன் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவிடம் கேட்டுத் தெளியுங்கள்.

மலாக்கா கடையில் உடைந்த வெள்ளை மண் பைப் துண்டு வாங்கினேன். வயது சொல்ல முடியுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

ஓரளவு. மண் பைப்பின் புகைத்துளை காலம் செல்லச் செல்லக் குறுகியது. 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இதை அளந்து காட்டினார்: 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 9/64 அங்குலம், அதாவது 3.6 மில்லிமீட்டர், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4/64, அதாவது 1.6 மில்லிமீட்டர். துரப்பண ஊசியின் பின்முனையைச் செருகிப் பார்த்து அளக்கலாம். ஆனால் இம்முறை நூற்றுக்கணக்கான துண்டுகளுக்கு எழுதியது, அதுவும் ஆங்கிலேய பைப்களை வைத்து. மலாக்காவை டச்சுக்காரர்கள் 1641-இல் பிடித்ததால் உங்களுடையது டச்சுப் பொருளாக இருக்க இடமுண்டு. கிண்ணத்தின் அடிக்குதி இருந்தால் அதில் முத்திரை தேடுங்கள். குதியின் பக்கவாட்டில் கௌடா நகரின் சின்னம் இருந்தால் 1739-க்கு முந்தியதல்ல.

தாத்தாவின் பைப்பை அழகாக்கி வரவேற்பறையில் வைக்க ஆசை. தேங்காய் எண்ணெய் தடவி, வளையத்தைத் திருநீற்றால் தேய்க்கலாமா?
– வாசகி, சிராங்கூன்

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் போய்ச் சிக்குப் பிடித்து நாறும், தூசியை இழுக்கும். குத்துவிளக்கு துலக்கத் திருநீறு சரி. முத்திரையுள்ள மெல்லிய வெள்ளி வளையத்தில் அது நுண்ணிய அரம். சில ஆண்டுகளில் சிங்கமும் நங்கூரமும் மழுங்கிவிடும். புளியும் வேண்டாம், வழிந்து மரத்தில் கறை ஏற்றும். நகைக்கடையில் விற்கும் வெள்ளி துடைக்கும் துணி போதும், அதையும் முத்திரையைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள்.

உள்வாடை போக, வாய்க்குழலைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தில் பஞ்சை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை அடையுங்கள். 99 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் சாராயத்தைச் சொட்டுக் குழாயால் 3 முதல் 5 மில்லி விட்டு, ஓர் இரவு வையுங்கள். காலையில் பஞ்சு காப்பி நிறமாகியிருக்கும். வெள்ளையாக வரும்வரை மீண்டும் செய்யுங்கள். 70 விழுக்காட்டு மருந்துக்கடைச் சாராயத்தில் நீர் இருப்பதால் மரம் உப்பும். வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வழிந்தாலும் உடனே ஒற்றியெடுங்கள், மெருகைக் கரைக்கும். வெளியே கார்னூபா மெழுகை மென்துணியில் மிகக் கொஞ்சம் எடுத்துத் துடையுங்கள். எழுத்துள்ள இடத்தைத் தொடாமல் சுற்றிப் போங்கள்.

வைக்கும் இடம்: வெயில் படாத அலமாரி. கேமராவுக்கான உலர்பெட்டி இருந்தால் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வையுங்கள். 40-க்குக் கீழே இறக்கினால் பழைய மரம் வெடிக்கலாம். வாய்க்குழலை முழுவதும் அழுத்தாமல் அரை மில்லிமீட்டர் வெளியே விட்டுச் செருகி வையுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பினாலும் முளை இறுகாது.